முன்னே இழுத்த தேதி

பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு ஜன்னல் அக்கா என்று பெயர். தொலைதூர வண்டிகளுக்கு டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் பாதி ஆயுசு உட்கார்ந்தவள். ஜன்னல் என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கீறல் விழுந்த கண்ணாடி, அதன் அடியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக அவள் ஊர் உலகத்தின் நகங்களையெல்லாம் பார்த்துவிட்டாள். கிரீஸ் படிந்த நகம், கடித்துத் துப்பிய நகம், சாயம் பூசிய நகம். வரிசையில் வந்த கைக்கு டிக்கெட். பக்கவாட்டிலிருந்து நுழைந்த கைக்கு ரப்பர் ஸ்டாம்பால் ஒரு தட்டு. போய்ச்சேரும் தேதியோடு மணிக்கட்டில் மை ஒட்டிக்கொண்டு திரும்பிப் போனவர்கள் அந்த ஊரில் நிறையப் பேர்.

ஒரு தடவை டிப்போ மேலாளரின் மச்சினன் அப்படிக் கையை விட்டான். தட்டு விழுந்தது.

"நான் யாரு தெரியுமா?" என்று கத்தினான்.

"தெரியலையேப்பா. பின்னாடி போய் நில்லு. உன் முறை வரும்போது சொல்லு, நிதானமா கேட்டுக்கறேன்."

அடுத்த வாரம் அவளைக் காணாமல்போன சாமான் அறைக்கு மாற்றினார்கள். ஒற்றைச் செருப்புகளுக்கும் மறந்துவிட்டுப் போன குடைகளுக்கும் நடுவே சில மாதம் தும்மிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்குத் திரும்பி வந்த அன்றைக்கே வேறொரு மணிக்கட்டில் மை வைத்தாள்.

கோபக்காரி என்றார்கள். ஆமாம், கோபக்காரிதான். ஆனால் அது யாரைக் கண்டாலும் பாயும் கோபம் இல்லை. ஒரே ஒரு விஷயத்துக்காக வருகிற கோபம். "சிபாரிசு இருக்கறவனுக்கு வரிசை எதுக்கு? அது இல்லாதவன்தான் வரிசைல நிக்கறான். அதையும் புடுங்கிக்கிட்டா அவன்கிட்ட என்ன மிஞ்சும்?" என்பாள். அவள் கற்ற அரசியல் அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு மனுஷிக்குத் தேவையும் இல்லை.

வீட்டுக்காரர் டவுன் பஸ் டிரைவர். வாயைத் திறந்தால் காசு கேட்பார்களோ என்று பயந்தவர் மாதிரி பேசுவார். "எங்க வீட்ல ஹாரன் நான், பிரேக் அவரு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பிள்ளைகள் இல்லை. ஒரே தம்பி. அப்பா விட்டுவிட்டுப் போன பிறகு, அம்மாவும் செத்த பிறகு, அவள்தான் அவனை வளர்த்தாள். இப்போது அவன் காண்ட்ராக்டர். தெருவுக்குத் தெரு சாக்கடை மூடி போடுகிறவன். அவன் கால்சட்டைப் பையில் பணம் இருக்கிறதோ இல்லையோ, போனில் ஆள் இருப்பான். எந்த அலுவலகமானாலும் "நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரு" என்று தொடங்குவான். அக்கா அதைக் கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடிப்பாள். தம்பியாயிற்றே என்று விட்டுவிடுவாள்.

வேலையிடத்தில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துச் சோதித்தபோதுதான் அவள் கல்லீரல் மாட்டியது. சின்ன வயதில் உடம்பில் புகுந்த காமாலைக் கிருமி இத்தனை வருஷமும் சத்தமில்லாமல் உள்ளே குடியிருந்திருக்கிறது. கல்லீரல் இறுகிப்போயிருந்தது. அதில் ஒரு கட்டி.

கிருமி எப்படி வந்திருக்கும் என்று டாக்டர் கேட்டபோது அவளுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது ஒரு நாற்காலி. தெருமுனையில் போட்ட நாற்காலி. ஒரு ஆள், ஒரு ஊசி, தெருப் பிள்ளைகள் மொத்தமும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றார்கள். ஊசியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துத் துடைத்து எல்லோருக்கும் குத்தினான். "இதுதான் தடுப்பூசின்னு போட்டானுங்க. எதைத் தடுக்கன்னு இப்பத்தான் தெரியுது. நாங்க வயசாகிச் சாகறதத் தடுக்க" என்றாள். அந்தப் பிள்ளைகளில் வேறு யார் யாருடைய கல்லீரல் எந்த ஊரில் இறுகிக்கொண்டிருக்கிறதோ. எந்த அதிகாரியும் தேடிப் போய்ச் சொல்லப்போவதில்லை.

ஊரின் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியில் கல்லீரல் அறுவைக்கு ஒரு டாக்டரம்மா இருந்தார். குட்டையான பெண்மணி. தியேட்டர் செருப்போடு வராந்தாவில் வேகமாக நடப்பார். பேச்சும் அதே வேகம்தான். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"இது பெருசு. இத எடுத்துடலாம். இந்த ஓரத்துல சின்னதா இன்னொண்ணு இருக்கோன்னு சந்தேகம். ஸ்கேன்ல உறுதியா தெரியல. நல்ல கல்லீரல்னா தாராளமா வெட்டித் தள்ளிடலாம், பாதி போனாலும் தாங்கும். உங்களது தாங்காது. கஞ்சத்தனமாத்தான் வெட்டணும். அதே சமயம் சின்னத உள்ள விட்டுட்டும் வரக்கூடாது."

"கஞ்சத்தனம் எனக்குப் பழக்கம்தான். மேல சொல்லுங்க."

"ஒரு பச்சைச் சாய மருந்து இருக்கு. முன்கூட்டியே நரம்புல போட்டுடுவோம். கல்லீரல் அதை உறிஞ்சி, பித்தத்தோட குடலுக்கு அனுப்பி, வெளியேத்திடும். கட்டிக்குள்ள போன மருந்துக்கு மட்டும் வெளிய வர வழி கிடையாது. அங்கயே தங்கிடும். அறுவை அன்னைக்கு விளக்க அணைச்சிட்டு, ஒரு தனிக் கேமராவ வச்சுப் பாத்தா, தங்கினது மட்டும் திரையில பளிச்சுன்னு ஒளிரும். ரொம்ப ஆழத்துல இருந்தா தெரியாது. மேலாக இருந்தா மாட்டிக்கும். சந்தேகப்படற இடம் மேலாகத்தான் இருக்கு."

ஜன்னல் அக்கா கொஞ்சம் யோசித்தாள். பிறகு முகம் மலர்ந்தது.

"அதாவது, கடைசி வண்டி போனதுக்கப்புறம் ஸ்டாண்டுல டார்ச் அடிச்சுப் பாக்கற மாதிரி. பிரயாணியெல்லாம் ஊர் போய்ச் சேந்திருப்பான். அப்பவும் பெஞ்சுல உக்காந்திருக்கறவன்தான் பிக்பாக்கெட்."

டாக்டரம்மா முதல் முறையாகச் சிரித்தார். "அதேதான். ஆனா கூட்டம் கலையணும். உங்க கல்லீரல் மெதுவாத்தான் அனுப்பும், மத்தவங்களவிட அதிக நாள் காத்திருக்கணும். அவசரப்பட்டு டார்ச் அடிச்சா எல்லார் மூஞ்சியும்தான் தெரியும்."

அந்தக் கேமராவும் அவர்களுக்கே சொந்தமில்லை. மற்ற நாட்களில் அடுத்த கட்டடத்தில் வேறு டாக்டர்களிடம் இருக்கும். வாரத்தில் ஒரு நாள்தான் டாக்டரம்மாவின் தியேட்டருக்கு உருட்டிக்கொண்டு வருவார்கள். அந்த ஒரு நாளில் ஒரே ஒருவருக்குத்தான் பெரிய அறுவை செய்ய முடியும். ஆக அதற்கும் ஒரு வரிசை இருந்தது. அக்காவுக்கு அந்தச் செய்தி பிடித்திருந்தது. வரிசை என்றால் அவளுக்கு ஒரு நம்பிக்கை.

வார்டில் சேர்த்தார்கள். அயோடின் ஒத்துக்குமா, மீன் தின்றால் அரிக்குமா என்றெல்லாம் கேட்டுவிட்டு சீனியர் நர்ஸ் மருந்தோடு வந்தார். கரும்பச்சை நிறம்.

"என்ன சிஸ்டர், தண்ணித் தொட்டியக் கழுவி எடுத்துட்டு வந்துட்டீங்களா? நானும் பச்சையாயிடுவேனா?"

"ஆக மாட்டீங்க. கோபம் வந்தா சிவப்பாத்தான் ஆவீங்க, அத வந்த அன்னைக்கே பாத்துட்டோம்."

வராந்தா பெஞ்சில்தான் டெய்லர் பழக்கமானார். ஆண்கள் வார்டுக்காரர். தூரத்து ஊரில் ஒரு சின்னக் கடை. குடலில் வந்த நோய் கல்லீரலுக்குப் பரவி, இரண்டு மூன்று இடத்தில் பொட்டுப் பொட்டாக இருந்தது. அவருக்கு அக்காவுக்கு முன்பே மருந்து போட்டாயிற்று. வருகிற கேமரா நாள் அவருடையது. அவள் முறை அதற்கும் அடுத்தது, அதற்கும் அடுத்தது.

"டாக்டரம்மா தையல் எப்படி?" என்று டெய்லர் போகிற வருகிற நோயாளிகளிடமெல்லாம் சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்வார். உற்றுப் பார்ப்பார். "பரவால்ல. பிசிறு இல்ல. ஆனா ஓரம் மடிச்சிருக்கணும்."

"உங்களுக்கு வேணும்னா காஜா எடுத்து பட்டனும் வச்சு விடச் சொல்றேன், அப்பப்ப திறந்து பாத்துக்கலாம்" என்பாள் அக்கா.

இரண்டு பேருக்கும் பயம். சிரிக்காமல் இருந்தால் பயம் தெரிந்துவிடும். அதனால் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

தம்பி ஒரு நாள் மத்தியானம் பழப் பையோடு வந்தான். தேதியைக் கேட்டதும் முகம் சுண்டிப்போயிற்று.

"இன்னும் அத்தனை நாளா? கட்டிய வயித்துல வச்சுக்கிட்டு இங்க படுத்து என்னக்கா பண்ற?"

"காத்துக்கிட்டிருக்கேன்."

"காத்துக்கிட்டு" என்று பழித்துக் காட்டினான். வராந்தாவுக்குப் போனான். போனில் யாரிடமோ குழைந்து குழைந்து பேசுவது கேட்டது. சிமெண்ட் லோடு சமாச்சாரம் என்று நினைத்தாள். இல்லை, அப்படித்தான் நினைத்துக்கொள்ள விரும்பினாள்.

மறுநாள் நர்ஸ் வந்து, கண்ணைப் பார்க்காமல் சொன்னார். "உங்க தேதி முன்னாடி வந்துடுச்சு. இந்த வாரமே. நாளைக்கு."

அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. அதை மறைக்க வேண்டியதில்லை. உயிர்மேல் ஆசை இல்லாதவள் யார்? டிரைவர் வந்தார், செய்தியைக் கேட்டார், "அப்பாடா, சீக்கிரம் முடிஞ்சா வீட்டுக்குப் போயிடலாம்" என்று முழு வாக்கியம் ஒன்று பேசினார். ஏன் முன்னே வந்தது என்று அவர் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஊரார் மணிக்கட்டிலெல்லாம் மை வைத்தவள், தனக்கு வந்தபோது அந்த ஒரு கேள்வியை விழுங்கிவிட்டாள்.

அந்த விழுங்கல் அரை நாள்கூட உள்ளே தங்கவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு வராந்தாவில் டெய்லர் போய்க்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி உடுப்பு இல்லை. இஸ்திரி போட்ட சட்டை, தோளில் துணிப்பை.

"என்ன டெய்லரே, சொல்லாம கொள்ளாம ஓடறீங்க?"

"அனுப்பிட்டாங்கக்கா. கேமரா ரிப்பேராம். சரியானதும் சொல்லி அனுப்பறாங்களாம்."

"கேமரா ரிப்பேரா? அப்ப எனக்கு நாளைக்கு எப்படி..."

பாதியில் நின்றாள். டெய்லரும் நின்றார். இரண்டு பேருக்கும் ஒரே நொடியில் புரிந்தது. அவர் பையைத் தோள் மாற்றிக்கொண்டார். சண்டை போட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அந்த மனிதர் மெதுவாகச் சொன்னார்: "பரவால்லக்கா. உங்களுக்கு அவசரமா இருக்கும். நல்லபடியா முடியட்டும்."

படியிறங்கிப் போய்விட்டார்.

ஜன்னல் அக்காவுக்கு உச்சி முதல் பாதம் வரை பற்றி எரிந்தது. தன்மேல்தான் முதலில். பிறகு அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு செங்கல் மேலும். அறுக்க வேண்டிய மனிதனை மருந்தும் போட்டுவிட்டு, பொய்யும் சொல்லி, பஸ் ஏற்றி அனுப்புகிறார்கள். அவன் வாழ்த்திவிட்டு வேறு போகிறான்! நேராக நடந்தாள். டாக்டர்கள் அறைக் கதவைத் தட்டவில்லை, தள்ளினாள். டாக்டரம்மா நின்றபடியே பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

"கூட்டம் கலைஞ்சிடுச்சா டாக்டரம்மா?"

"என்ன?"

"என் கல்லீரல்ல. நீங்க சொன்ன கூட்டம். கலைஞ்சிடுச்சா? அதான் நாளைக்கே டார்ச் அடிக்கறீங்களா?"

டாக்டரம்மா பிஸ்கட்டைக் கீழே வைத்தார். பொய் சொல்ல வாயெடுத்தது தெரிந்தது. பிறகு விட்டுவிட்டார்.

"கலைஞ்சிருக்காது. நாளைக்குப் பாத்தா முழுக் கல்லீரலும் ஒளிரும். கேமராவால பிரயோஜனம் இல்ல."

"அப்ப அந்தச் சின்னது?"

"கையால தடவிப் பாப்பேன். அகப்பட்டா எடுத்துடுவேன்."

"அகப்படலன்னா?"

"உள்ளயே இருக்கும். பெருசாகும். மறுபடியும் திறக்க உங்க கல்லீரல்ல தெம்பு இருக்குமான்னு சொல்ல முடியாது."

"இது தெரிஞ்சும் சரின்னீங்க."

"போன் வந்துச்சு" என்றார் டாக்டரம்மா. குரல் இறங்கியிருந்தது. "ஆஸ்பத்திரி நிர்வாகக் குழுவுல ஒருத்தர். உங்க தம்பிக்கு வேண்டியவராம். அந்தக் கேமராவ வாங்கினதே அவர் கையெழுத்துலதான். அடுத்த வருஷம் அத இங்க வச்சிருக்கணும்னாலும் அவர் கையெழுத்து வேணும். நான் முறைச்சுக்கிட்டா நாளைக்கு யாருக்குமே கேமரா இல்ல."

"அதனால என் வயித்த அவருக்குக் காணிக்கையா குடுத்துட்டீங்க. டெய்லர் வயித்தையும் சேத்து. ஒரு போனுக்கு ரெண்டு வயிறு. மலிவுதான்."

அக்கா மேசைமேல் கையை ஊன்றினாள்.

"நான் நாளைக்குப் படுக்க மாட்டேன். எங்க கையெழுத்துப் போடணுமோ குடுங்க, போடறேன். தியேட்டர் இருக்கும், கேமரா இருக்கும், நீங்களும் இருப்பீங்க. டெய்லரு இருந்தா அறுப்பீங்களா, மாட்டீங்களா?"

"அவர் போயிட்டாரே?"

"அது என் பாடு. அறுப்பீங்களா?"

"ஆள் இருந்தா அறுப்பேன்" என்றார். பிறகு, "யோசிச்சுக்குங்க. இப்ப மறுத்தா மேல இருக்கறவர் கோவப்படுவாரு. அடுத்த தேதி எப்பன்னு எனக்கே தெரியாது. உங்க கட்டி அதுவரைக்கும் சும்மா உக்காந்திருக்காது."

அது மிரட்டல் இல்லை. உண்மை. அக்கா சுவரில் சாய்ந்தாள். காத்திருந்தால் கட்டி வளரும். காத்திருக்காமல் படுத்தால் சின்னது தப்பிக்கும். அவளுடைய சொந்த முறையை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் கொடுத்தால் உயிர் பிழைக்கலாம். அதைக் கொடுக்கிறவன் எவனோ ஒரு போன்காரன். நினைக்க நினைக்கச் சுவரை விட்டு நிமிர்ந்தாள். கையெழுத்துப் போட்டாள். பேனா காகிதத்தைக் கிழித்தது.

டெய்லர் ஊருக்கு மத்தியானம் ஒரே வண்டிதான். தன் பழைய ஜன்னலுக்குப் போன் போட்டாள்.

"மத்தியான வண்டி கிளம்பிடுச்சா? கிளம்பிடுச்சா! சரி, கண்டக்டர் நம்பரக் குடு. ஏன் எதுக்குன்னு அப்புறம் கேளு, தடியா."

பஸ்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பாதி வழியில் ஒரு குழந்தை தவறிப்போனாலும், ஒரு மாத்திரைப் பெட்டி விட்டுப்போனாலும், எதிரில் வருகிற வண்டிக்கு விளக்கைச் சிமிட்டி நிறுத்தி, ஆளையோ சாமானையோ மாற்றி ஏற்றி ஊர் சேர்த்துவிடுவார்கள். எந்த விதியிலும் அது இல்லை. எந்த மேலாளரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. அன்றைக்கு அப்படி ஒரு கல்லீரலைத் திருப்பி அனுப்பினார்கள். கண்டக்டர் நெரிசலில் நின்று தொண்டை கிழியக் கூவினாராம்: "இங்க யாருங்க டெய்லரு? நாளைக்கு உங்களுக்கு ஆபரேஷனாம்! ஜன்னல் அக்கா இறங்கச் சொல்லுது!" மொத்த வண்டியும் திரும்பிப் பார்க்க, பின் சீட்டிலிருந்து டெய்லர் எழுந்தார். எதிரே வந்த வண்டியின் டிரைவர், "ஏறுங்க, ஏறுங்க, கல்லீரல் ஆறிப்போகுது" என்று சொன்னதை டெய்லர் பின்னாளில் பலரிடம் சொன்னார்.

அவர் வந்து சேர்வதற்குள் தம்பி வந்துவிட்டான். போன்காரர் அவனைக் கிழித்திருக்கிறார். வார்டு வாசலிலேயே தொடங்கினான்.

"மூளை இருக்காக்கா உனக்கு? எவன் எவன் காலையோ புடிச்சு வாங்கின தேதி!"

"காலப் புடிச்சு வாங்கினதக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் குடுத்துட்டேன்."

"உனக்காகத்தானே பண்ணேன்!"

"எனக்காகவா? கட்டி தனியாத் தெரியாத அன்னைக்கு என் வயித்தக் கிழிக்க ஏற்பாடு பண்ணியிருக்க. உள்ள இருக்கற சின்னது தப்பிச்சுக்க வழி பண்ணியிருக்க. கட்டிக்கு நீ யாரு, மாமனா மச்சானா? இத்தனை பரிஞ்சுக்கிட்டு வந்திருக்க?"

விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் வெளுத்தது.

"எனக்கு எப்படிக்கா தெரியும்? சீக்கிரம் கிடைச்சா நல்லதுதானே? உலகத்துல எதுக்கா சீக்கிரம் கிடைச்சுக் கெட்டுப்போச்சு?"

"கேட்டியா? ஒரு வார்த்த டாக்டரம்மாவக் கேட்டியா? உங்களுக்கெல்லாம் கேக்கற பழக்கமே கிடையாது. போன் போட்டுத்தான் பழக்கம்."

டிரைவர் நடுவில் வந்தார். "மாப்ள, கொஞ்சம் மெதுவா..."

"நீங்க இருங்க மாமா!" தம்பியின் குரல் உடைந்தது. "வரிசை, வரிசை, வரிசை! நீ வரிசைல நின்னுதானேக்கா அம்மா செத்துச்சு! இதே மாதிரி ஒரு ஆஸ்பத்திரி. அம்மாவ மடியில போட்டுக்கிட்டு நான் தரையில உக்காந்திருந்தேன். நீ சீட்டுக் கவுண்டர்ல போய் ஒழுங்கா வரிசைல நின்ன. உன் முறை வரதுக்குள்ள என் மடியிலயே போயிடுச்சு. அன்னைக்கு முடிவு பண்ணேன், நம்மாளுங்க எவனும் இனி வரிசைல நின்னு சாகக் கூடாதுன்னு. தப்பா?"

பக்கத்துக் கட்டில்காரியின் கையிலிருந்த தம்ளர் பாதி வழியில் நின்றது.

இத்தனை வருஷத்தில் அவன் அதைச் சொன்னதே இல்லை. அவளும் சொன்னதில்லை. ஜன்னல் அக்கா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தபோது கத்தல் வரவில்லை.

"நான் கவுண்டர்ல இருந்தேன். நீ மடியில இருந்த அம்மாவப் பாத்த. நான் எனக்கு முன்னாடி நடந்ததப் பாத்தேன். வரிசைல பத்துப் பேருகூட இல்லடா. சீக்கிரம் வந்திருக்கும் நம்ம முறை. பக்கத்துல டாக்டர் அறைக்கு ஒரு கதவு இருந்துச்சு. அது வழியா ஒருத்தன் பூந்தான், இன்ஸ்பெக்டருக்கு வேண்டியவனாம். இன்னொருத்தி பூந்தா. அப்புறம் ஒரு குடும்பமே பூந்துச்சு. ஒவ்வொருத்தன் பூந்தப்பவும் உள்ள இருந்த டாக்டரு எங்க பக்கம் திரும்பவே இல்ல. அம்மா வரிசையால சாகல. முன்னாடி பூந்தவனுங்களால செத்துச்சு. ஏன் நான் அந்த ஜன்னல்ல உக்காந்து ஒவ்வொரு கையா தட்டினேன்னு நினைக்கற?"

கம்பியை விட்டுவிட்டு வாசல் பக்கம் கையைக் காட்டினாள்.

"இன்னைக்கு நீ பூந்த கதவுக்கு வெளியில ஒருத்தர் துணிப்பையோட பஸ் ஏறினாரு. அவருக்கும் ஒரு பையன் இருக்கான், மடியோட."

அவன் பழப் பையை எடுக்காமலே வெளியே போய்விட்டான். நெடுநாள் வரவில்லை.

மறுநாள் டெய்லருக்கு அறுவை நடந்தது. விளக்கை அணைத்ததும் பொட்டுகள் விளிம்பு கட்டினாற்போல் ஒளிர்ந்தன என்றும், ஒவ்வொன்றாக எடுத்துவிட்டதாகவும் நர்ஸ் வந்து சொன்னார். அக்காவின் தேதியோ, டாக்டரம்மா பயந்தபடியே, காணாமல் போயிற்று. அலுவலகத்தில் கேட்டால் மேசையிலிருந்து மேசைக்கு அனுப்பினார்கள். ஒருவன் கொட்டாவி விட்டான். ஒருவன், "வந்த தேதிய வேண்டாம்னவங்கதானே நீங்க?" என்று நக்கல் அடித்தான். அவள் வீட்டுக்குப் போனாள். காத்திருப்பது வீரம் என்று யாரும் அவளிடம் சொல்லாமல் இருந்தது நல்லது. சொல்லியிருந்தால் அடி வாங்கியிருப்பார்கள். விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திப் பார்ப்பாள். வளர்கிறதா? யாருக்குத் தெரியும். சோறு இறங்கவில்லை. டிரைவர் வாரா வாரம் டூட்டி முடிந்து சீருடையோடு ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டரம்மாவின் அறை வாசலில் ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டு வருவார். பேசாத மனிதனின் நிற்றல் பேச்சைவிடத் தொல்லையானது. கடைசியில் தேதி வந்தது. மறுபடியும் பச்சை மருந்து. மறுபடியும் காத்திருப்பு. இந்தத் தடவை கூட்டம் கலைகிற வரைக்கும்.

கண் விழித்தபோது மூக்கில் குழாய். வயிற்றில் யாரோ பாறாங்கல்லை வைத்துவிட்டுப் போனதுபோலக் கனம். சீனியர் நர்ஸ் குனிந்து காதருகில் சொன்னார். "ரெண்டு இருந்துச்சு. சந்தேகப்பட்ட சின்னது, கடுகு மாதிரி, தனியா மின்னுச்சு. ரெண்டையும் எடுத்தாச்சு. கஞ்சத்தனமாத்தான் வெட்டினாங்களாம், உங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க."

அவள் கண்ணை மூடினாள். தண்ணீர் காதுக்குள் வழிந்தது. மறுபடி திறந்தபோது கட்டிலின் மறுபக்கம் தம்பி. இளைத்திருந்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா. முடிஞ்சதுக்கா. நல்லபடியா முடிஞ்சது." மூக்கை உறிஞ்சினான். பிறகு பெருமை அடங்காமல் வெளியே வந்தது. "நானும் சும்மா இருக்கல. உனக்குத் தெரியாம மறுபடியும் அவருகிட்டப் பேசிட்டேன். இல்லன்னா இந்தத் தேதியும் கிடைச்சிருக்காது."

அவள் கை அவன் பிடியிலிருந்து விடுபட்டது. எழப் பார்த்தாள். தையல் சுரீர் என்று இழுத்தது. மானிட்டர் கத்தியது. நர்ஸ் ஓடிவந்து தோளை அமுக்கினார். "அய்யோ, படுங்க, படுங்க! என்ன வேணும்?"

"டாக்டரம்மா" என்றாள். குரல் செருப்புத் தேய்வதுபோல இருந்தது.

டாக்டரம்மா தியேட்டர் தொப்பியோடு வந்தார். வலியா என்று கேட்டார். அக்கா தலையாட்டி மறுத்தாள்.

"எனக்கு முன்னாடி யாரு இருந்தா?"

"என்னது?"

"இன்னைக்கு. யாரத் தள்ளிட்டு என்ன எடுத்தீங்க?"

டாக்டரம்மா தம்பியைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். அவருக்குப் புரிந்துவிட்டது.

"யாரையும் தள்ளல. உங்க முறைதான். நீங்களே போய் எந்த வார்டுல வேணா கேக்கலாம்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "இவரோட ஆளு போன் பண்ணினது நிஜம். ரெண்டு மூணு தடவ அடிச்சுது. நான் எடுக்கல."

ஜன்னல் அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது. ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் நின்று நின்றுதான் பேச முடிந்தது.

"எடுக்கலன்னு... கேமராவத் தூக்கிட்டுப் போயிட்டாங்களா?"

"இல்ல. இங்கதான் இருக்கு."

"அப்ப அன்னைக்கும் எடுக்காம இருந்திருக்கலாமே."

டாக்டரம்மா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எழுந்து போகவில்லை. அக்கா அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.